ஒற்றைக்கால் பல்டி

பெயர் சூர்யா. சினிமா ஹீரோ இல்லை ஸார், பிரான்ஸ் தேசத்துப் பெண்மணி. முழுப்பெயர் சூர்யா போனாலி. பனித்தரையில் சறுக்கிக்கொண்டே ஆடுவார்களே, ஃபிகர் ஸ்கேட்டிங்... அதில் ஒரு காலத்தில் பெரிய புள்ளி.

1973-ல் நீஸ் நகரத்தில் பிறந்த கறுப்பினக் குழந்தை. தத்தெடுத்து வளர்த்தது ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. நீஸ் என்றால் கிக் இல்லை என்று நினைத்தார்களோ என்னவோ, இந்து மகாசமுத்திரத்தில் ரீயூனியன் தீவில் பிறந்தவர் என்று பத்திரிகைகளுக்குக் கதை விட்டார்கள். பிற்பாடு சாயம் வெளுத்தது.

பொண்ணு ஜிம்னாஸ்டிக்ஸில் கரணம் போட்டுப் பழகியது. ஐஸில் இறங்கியதும் எல்லாரையும்விட உயரம் தாவியது. 1991-லிருந்து 1995 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் ஐரோப்பிய சாம்பியன். பிரான்ஸில் ஒன்பது தடவை. ஆனால் உலகப் போட்டி என்று வந்தால் மட்டும் 1993, 94, 95 மூன்று வருஷமும் வெள்ளி, வெள்ளி, வெள்ளி!

என்ன கோளாறு? அப்போதெல்லாம் இரண்டு மார்க். தாவலுக்கு ஒன்று, நளினத்துக்கு ஒன்று. தாவலை அளந்துவிடலாம். நளினத்தை எந்தப் படியால் அளப்பது? நடுவர் மனசு வைக்க வேண்டும். நம் ஆபீஸ் கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட் மாதிரிதான். வேலை பிரமாதம், 'ஆனால்' என்று ஒரு வார்த்தை எழுதினால் போச்சு, பிரமோஷன் அடுத்த ஸீட்டுக்கு!

1994, ஜப்பானில் சிபா நகரம். கடைசி ஆட்டத்தில் ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் உள்ளூர்ப் பெண் யூகா ஸாட்டோ பக்கம், நாலு பேர் போனாலி பக்கம். ஒரே ஒரு ஓட்டு. போனாலி பரிசு மேடையில் ஏறவே மறுத்தார். வெள்ளிப் பதக்கத்தை மாட்டினார்கள். மாட்டிய கையோடு கழற்றிவிட்டார். கூட்டம் கூச்சல் போட்டது. இவர் அழுதார். ஸாட்டோ பாவம், அவர் என்ன பண்ணுவார்? நன்றாகத்தான் ஆடினார்.

1998 நாகானோ ஒலிம்பிக்ஸ். 1996-ல் அறுந்த குதிகால் நரம்பு இன்னும் தொந்தரவு. மெடல் கிடையாது என்று தெரிந்துபோச்சு. நடு ஆட்டத்தில் பின்பக்கமாக ஒரு அந்தர்பல்டி! 1976-ல் டெர்ரி குபிக்கா என்ற அமெரிக்கர் போட்டுக்காட்ட, உடனே தடை செய்யப்பட்ட வித்தை அது. ஆபத்து ஒரு காரணம். ஒற்றைக் காலில்தான் இறங்க வேண்டும், பல்டியில் ரெண்டு காலும் ஊன்றும் என்பது இன்னொன்று.

அப்படியா சங்கதி? போனாலி ஒற்றைக் காலில், கத்தி மாதிரி ஒரே ஒரு பிளேடில் இறங்கினார். அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. கடைசி போஸில் நடுவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்! மார்க்கை வெட்டினார்கள். பத்தாவது இடம். முதல் இடம் தாரா லிப்பின்ஸ்கி. எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது, சொல்லுங்கள்.

அதோடு போட்டிகளுக்கு கும்பிடு. அமெரிக்காவில் வருஷக்கணக்காக ஊர் ஊராய் ஷோ. அங்கே நடுவரும் இல்லை, தடையும் இல்லை. டிக்கெட் வாங்கியவர்கள் பல்டிக்காகவே காத்திருந்தார்கள். 2004-ல் அமெரிக்கப் பிரஜை ஆனார். பிறகு கோச்.

2024-ல் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் தடையை நீக்கிவிட்டது. இப்போது பல்டி போட்டால் மார்க்கை வெட்டுவதில்லை.

நாகானோவில் வெட்டியதற்கு அரியர்ஸ் உண்டா?

மூச்!