வெங்காயம் பூக்கட்டும்

மழை ஓய்ந்து பனி தொடங்கும் பருவத்தில் இணைய அங்காடிகளில் ஒரு படம் தவறாமல் தோன்றும். ஆளுயரத் தண்டு, அதன் உச்சியில் ஊதா நிறத்தில் ஒரு பூப்பந்து. அலங்கார அல்லியம் என்பது அதன் பெயர். பெங்களூரில் மாடித் தோட்டம் வைத்திருப்போரில் அந்தப் படத்தை நம்பிக் கிழங்கு வாங்கியவர்கள் உண்டு. சில மாதங்கள் கழித்து அவர்கள் தொட்டியில் காண்பது நான்கைந்து வெளிறிய இலைகளை. மழை பெய்துவிட்டால் அழுகிய கிழங்கை. தண்ணீர் மிகுந்துவிட்டது, உரம் குறைந்துவிட்டது என்று அவர்கள் தம்மையே நொந்துகொள்கின்றனர். பிழை அவர்களுடையதன்று. அந்தக் கிழங்கு இவ்வூருக்கு உரியதே அன்று.

அல்லியம் என்பது ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் கொண்ட பேரினம். வெங்காயமும் பூண்டும் அதில் அடக்கம். அலங்காரத்துக்கென விற்கப்படும் பெரும்பூ இனங்களின் தாயகம் ஈரானும் நடு ஆசிய மலைச்சரிவுகளும். அங்கே குளிர்காலம் பனியில் உறையும். வேனிலில் மழை இராது. பல வாரக் கடுங்குளிரை மண்ணுக்குள் கழித்த பின்னரே அக்கிழங்குகள் நன்கு பூக்கும். ஐரோப்பியத் தோட்டங்களில் இலையுதிர் காலத்தில் நட்டு, மே, சூன் மாதங்களில் மலர் காண்பது இதனால்தான். பெங்களூரோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம். மார்கழி இரவிலும் இங்கே வெப்பம் பெரும்பாலும் 15 டிகிரியை ஒட்டியே நிற்கும். 1884 சனவரியில் பதிவான 7.8 டிகிரிதான் இந்நகரின் மிகக் குறைந்த வெப்பநிலை. நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் குளிரை நம்பி ஒரு கிழங்கு பூக்க இயலாது.

குளிர்பதனப் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு வாரம் வைத்து ஏமாற்றலாம் என்பர். அதிலும் உண்மை உண்டு. அவ்வாறு பூத்தாலும் அந்தப் பூ ஒருமுறைக்கு உரியது. பூத்த கிழங்கு அடுத்த ஆண்டுக்கான உணவைச் சேமித்துக்கொள்ள நீண்ட, தண்மையான இளவேனில் வேண்டும். பெங்களூரில் மார்ச்சிலேயே வெயில் ஏறிவிடுகிறது. தில்லி சாந்திபத் சாலையோரத்தில் பிப்ரவரியில் மலரும் துலிப்புகளும் இவ்வகையினவே. அவற்றின் கிழங்குகளில் பெரும்பகுதி நெதர்லாந்திலிருந்து தருவிக்கப்படுகிறது. தலைநகரின் ஒரு பருவக் காட்சிக்கு அது பொருந்தலாம். ஆண்டுதோறும் பூக்கும் என்ற நம்பிக்கையில் சம்பளப் பணத்தைச் செலவிடும் இல்லத்தரசிக்கும் ஓய்வுபெற்ற முதியவருக்கும் அது பொருந்தாது.

இதற்கு மாற்று, சமையலறையின் மூலையில் முளைவிட்டுக் கிடக்கிறது. வெங்காயமும் பூக்கும். உட்குழல் கொண்ட பச்சைத் தண்டு எழும். உச்சியில் மெல்லிய உறை வெடிக்கும். உள்ளிருந்து நூற்றுக்கணக்கான சிறு வெண்பூக்கள் உருண்டையாக விரியும். நிறத்தையும் அளவையும் தவிர்த்தால் அது அந்த ஊதாப் பந்தின் உடன்பிறப்பே. தேனீக்களுக்கு அதில் வேற்றுமை தெரியாது. வெங்காயத்தின் விதையாக்கம் பெரிதும் அவற்றையே நம்பியிருக்கிறது.

பின் ஏன் நகரத்தார் வெங்காயப் பூவைக் கண்டதில்லை? உழவருக்கு அப்பூ நட்டத்தின் அடையாளம். தண்டு எழுந்த வெங்காயம் நடுவில் கட்டைபட்டுப் போகும். சேமித்து வைக்க உதவாது. ஆகவே அவர் அதைக் கிள்ளி எறிகிறார். விதைக்காகப் பயிரிடும் வயல்களில் மட்டுமே பூ நிற்கிறது. உண்பது வேறு, அழகுக்கு வைப்பது வேறு என்ற பிரிவினை செடியில் இல்லை, சந்தையில் இருக்கிறது.

மொழியும் இங்கே ஒரு செய்தி சொல்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் உள்ளி, தெலுங்கில் உல்லி, கன்னடத்தில் ஈருள்ளி. யாழ்ப்பாணத்தார் உள்ளி என்றால் பூண்டு; நாஞ்சில் நாட்டார் சொன்னால் சின்ன வெங்காயம். தென்தமிழ்நாட்டுக் கடைகளில் பெரிய வெங்காயத்துக்குப் பல்லாரி என்று பெயர். அது கர்நாடகத்துப் பெல்லாரி. ஊர்ப்பெயரையே காய்ப்பெயராக்கிக்கொள்ளும் அளவுக்குப் பழகிய உறவு இது. அலங்கார அல்லியத்துக்கோ தமிழில் ஒரு பெயர்கூட இல்லை. எழுத்துப்பெயர்ப்பாக அல்லியம் என்று எழுதினால், கேட்பவர் குளத்து அல்லியை நினைப்பார்; சிலப்பதிகாரம் படித்தவர் மாதவி ஆடிய பதினோராடலில் ஒன்றை நினைப்பார்.

இது அயல் செடி மீதான வெறுப்பன்று. அப்படி வெறுத்தால் பெங்களூரில் பாதி நிழல் மிஞ்சாது. ஐதர் அலி தொடங்கிய லால்பாக், அயல்நாட்டுச் செடிகளை வரவேற்று வளர்ந்த தோட்டம். 1908-இல் மைசூர் அரசின் தோட்டப் பணிக்கு வந்த செருமானியர் குரும்பிகல், ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மரம் பூத்திருக்குமாறு சாலைகளை அமைத்தார். இன்று நகரம் கொண்டாடும் சகரந்தா தென் அமெரிக்க மரமே. வெங்காயத்தின் மூலமும் நடு ஆசியாதான். எங்கிருந்து வந்தது என்பது இங்கே கேள்வி அன்று. வந்தது இங்கே பிழைக்கிறதா, அல்லது ஆண்டுதோறும் புதிதாக விலைக்கு வாங்கப்படுகிறதா என்பதே கேள்வி. குரும்பிகலின் மரங்கள் பிழைத்தன.

இந்நகரின் பெயரையே தாங்கிய வெங்காயம் ஒன்று உண்டு. கோலார், சிக்கபள்ளாப்பூர், பெங்களூரு ஊரக மாவட்டங்களில் விளையும் பெங்களூர் ரோஸ் வெங்காயம். சிறியது, ஆழ்சிவப்பு, காரம் மிக்கது. 2015-இல் புவிசார் குறியீடு பெற்றது. விளைவதில் பெரும்பகுதி மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. பெங்களூரின் சமையலறைகள் அதை அதிகம் அறியா. 2023 ஆகத்டில் ஒன்றிய அரசு வெங்காய ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி விதித்தபோது இவ்வுழவர்களும் சிக்கினர். செப்டம்பர் இறுதியில் ரோஸ் வெங்காயத்துக்கு விலக்குக் கிடைத்தது. டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்கே தடை வந்தது. உள்ளூரில் வாங்குவோர் இல்லாத பயிர், ஓர் அரசாணையில் நிலைகுலையும். அதை ஒரு நகரம் அறிந்திருப்பதற்கும் அறியாதிருப்பதற்கும் உள்ள வேறுபாடு உழவரின் வருவாயில் தெரியும்.

செய்ய வேண்டியது எளிது. ஐப்பசியில், முளைவிட்ட, கழுத்து அழுகாத நல்ல வெங்காயங்களை எடுத்து, செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்த தொட்டியில் தோள்பட்டை வெளியே தெரியுமாறு நட வேண்டும். வெயில் நிறைய வேண்டும். நீர் அளவோடு போதும். வெப்பநாட்டு வகைகளுக்குப் பெங்களூரின் குளிரே போதுமானது. எல்லாம் பூக்கும் என்று சொல்வதற்கில்லை. சாம்பார் வெங்காயம் பெரும்பாலும் பிரிந்து பெருகுமே அன்றிப் பூக்காது. பத்து நட்டால் சில தண்டு விடும். பூக்காதவற்றின் தாள் பொரியலுக்கு ஆகும். நட்டம் என்று ஒன்று இதில் இல்லை.

ஐப்பசியில் நட்டது தையில் பூக்கும். குடியரசு நாளை ஒட்டி லால்பாக் கண்ணாடி மாளிகையில் மலர்க்காட்சி நடப்பதும் அப்போதுதான். ஆயிரக்கணக்கான ரோசாக்களுக்கு நடுவே ஒரே ஒரு பாத்தி, சிக்கபள்ளாப்பூர் விதை வயலிலிருந்து வந்த வெங்காயப் பூக்களுக்கு ஒதுக்கப்படட்டும். அருகில் ஒரு கூடை ரோஸ் வெங்காயமும், ஈருள்ளி என்று எழுதிய பலகையும் இருந்தால் போதும். பூவைப் பார்த்தவர்கள் போகும்போது அரைக் கிலோ வாங்கிச் செல்வார்கள்.