அண்ணே, அந்த கிளவுஸைக் கொஞ்சம் கழட்டுங்க

ரிவர்ஸ்டன் பக்கம் கிரிக்கெட் விளையாடினவங்களுக்குத் தெரியும், இங்கே சமதரை தேடிக் கிடைக்காது. எங்க கிரவுண்டிலயும் ஒரு பவுண்டரி மேட்டில இருக்கு, இன்னொன்னு பள்ளத்தில. பள்ளத்தைத் தாண்டினா தேயிலை. காத்தடிக்கிற நாளில பந்தெல்லாம் அந்தப் பக்கம்தான் போகும். அங்கே யாரை நிறுத்துவாங்க? டீம்ல ஆகச் சின்னவனை. அவன் வேகமா ஓடுவான் என்பதால இல்ல, "போய் பந்தை எடுத்துட்டு வாடா"ன்னா எதிர்த்துப் பேசமாட்டான் என்பதால.

போன சீசன்ல அங்கே நின்னவனுக்குப் பதினாறு வயசு. பள்ளிக்கூட டீம்ல அவன்தான் விக்கெட் காப்பாளர். லெக் சைட் பந்தை அவன் எடுக்கிற விதத்தைப் பார்த்து எதிர் டீம்காரனே கைதட்டியிருக்கான். ஆனா எங்க டீம்ல இருக்கிறது ஒரே ஒரு சோடி கிளவுஸ். அது ஒன்பது வருஷமா கேப்டன் அண்ணனோட கையில இருக்கு. அவருக்கு முழங்கால் வலி, குனிஞ்சு எழும்பவே கஷ்டம். இருந்தும் கழட்டல. தம்பி சீசன் முழுக்கப் பள்ளத்தில நின்னான், ஒன்பதாவதா துடுப்பெடுத்தான். சீசன் முடிய எல்லாரும் சேர்ந்து சொன்ன முடிவு: "பையன்கிட்ட பெருசா ஒன்னும் இல்ல."

அந்தக் கூட்டத்தில நானும் இருந்தேன். வாயைத் திறக்கல. இந்தக் கட்டுரை அதுக்கான வட்டி.

"மொதல்ல கத்துக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பதுதான் நம்ம டீம்களோட வேதவாக்கு. எதைக் கத்துக்கிறது? தேயிலைக்குள்ள பந்து தேடுறதையா? விக்கெட்டுக்குப் பின்னால நிக்காம விக்கெட் காப்பு வராது. ஒருத்தனை அவனுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில வச்சு, அங்கே ஜொலிக்கலன்னு தீர்ப்பு எழுதுறதுக்குப் பேர் பயிற்சி இல்ல.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையா எடுத்துக்குவோம். "மூத்த வீரர் உழைச்சு அந்த இடத்தைப் பிடிச்சார். நேத்து வந்தவனுக்காக அவரை ஏன் நகர்த்தணும்?" நியாயமான கேள்விதான். ஆனா அதுக்குள்ள ஒரு தப்பான கணக்கு இருக்கு: இடம் மாறுறதுன்னா மூத்தவருக்கு எப்பவும் நட்டம்தான் என்கிற கணக்கு.

குமார் சங்கக்காரவைப் பாருங்க. 2000ல டெஸ்டுக்கு வந்ததிலிருந்து பல வருஷம் அவர்தான் விக்கெட் காப்பாளர். பிரசன்ன ஜயவர்தனவும் அதே 2000லதான் அறிமுகமானார், விக்கெட்டுக்குப் பின்னால அபாரமான கை. ஆனா டெஸ்ட் அணியில நிலையான இடம் கிடைக்க 2006 வரை காத்திருந்தார். அந்த வருஷம் தென்னாபிரிக்காவுக்கு எதிரா எஸ்எஸ்சி மைதானத்தில பிரசன்ன கிளவுஸ் போட, சங்கக்கார வெறும் துடுப்பாட்ட வீரரா இறங்கினார். 287 ஓட்டம். மஹேலவோட சேர்ந்து 624 ஓட்ட இணைப்பாட்டம். முழு டெஸ்ட் வாழ்க்கையையும் எடுத்தா, விக்கெட் காப்பாளரா ஆடின போட்டிகள்ல அவரோட சராசரி 40 சொச்சம், கிளவுஸ் இல்லாம ஆடினதில 66க்கு மேல. அந்த இடத்தை விட்டதாலதான் உலகம் அறிஞ்ச சங்கக்கார நமக்கு முழுசா கிடைச்சார்.

அது பழைய கதைன்னா, 2024 செப்டம்பர் காலிக்கு வாங்க. கமிந்து மெண்டிஸ் 2022ல அவுஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் டெஸ்ட்லயே 61 அடிச்சவர். அடுத்த டெஸ்டுக்கு 2024 மார்ச் வரை காத்திருக்க வேண்டியதாப் போச்சு. சில்ஹெட்ல திரும்பி வந்து ரெண்டு இன்னிங்ஸ்லயும் சதம், அதுவும் ஏழாவது, எட்டாவது இடங்கள்ல இருந்து. இங்கிலாந்திலயும் ஏழாவதாத்தான் ஆடினார். நியூசிலாந்து வந்தப்போதான் மூத்தவங்க நகர்ந்தாங்க. சந்திமால் மூணாவது இடத்துக்கு ஏறினார். அதுவரை மூணில ஆடின குசல் மெண்டிஸ் கிளவுஸை எடுத்துக்கிட்டு ஏழாவதுக்கு இறங்கினார். கமிந்துவுக்கு ஐந்தாவது இடம். ரெண்டாவது டெஸ்ட்ல என்ன நடந்துச்சு? சந்திமால் 116, குசல் ஆட்டமிழக்காம 106, கமிந்து ஆட்டமிழக்காம 182. இன்னிங்ஸ் மற்றும் 154 ஓட்ட வெற்றி. பதிமூணே இன்னிங்ஸ்ல ஆயிரம் ஓட்டம் தொட்டு பிராட்மனோட பக்கத்தில போய் நின்னார் கமிந்து. நகர்ந்த மூத்தவங்க ரெண்டு பேருமே சதம் அடிச்சாங்க என்பதை மறக்காதீங்க.

எல்லா மாற்றமும் இப்படி இனிப்பா முடியாது. 2024 தொடக்கத்தில கமரூன் கிரீனுக்கு நாலாவது இடம் கொடுக்க ஸ்டீவ் ஸ்மித் தானா முன்வந்து ஆரம்ப வீரர் ஆனார். கிரீன் வெலிங்டன்ல ஆட்டமிழக்காம 174 எடுத்தார், ஆனா ஸ்மித்துக்கு அந்த இடம் ஒத்துவரல. நாலு டெஸ்ட் பார்த்துட்டு, வருஷக் கடைசியில அவரைப் பழைய இடத்துக்கே கொண்டு போனாங்க. அதனால என்ன குடி முழுகிப் போச்சு? மாத்தினதைத் திருப்பியும் மாத்தலாம். இந்தியாவில 2023 ஜூலையில ஜெய்ஸ்வால் ஆரம்ப வீரரா வர, சுப்மன் கில் தானே கேட்டு மூணாவதுக்குப் போனார். ஜெய்ஸ்வால் முதல் டெஸ்ட்லயே 171. கில்லுக்கு அந்த இடத்தில சதம் வர 2024 பெப்ரவரி ஆச்சு. அதுவரை அவரைத் தூக்கிப் போடாம வச்சிருந்தாங்க. இளையவனுக்கு இடம் கொடுக்கிறதுல இதுவும் சேர்த்திதான், நகர்ந்த மூத்தவனுக்கும் பழகிக்கொள்ள நேரம் கொடுக்கணும்.

இன்னொரு விஷயம், எப்படிச் சொல்றோம் என்பது. பேஸ்போல்ல ஒவ்வொரு தடுப்பு இடமும் தனித் தொழில் மாதிரி. பொஸ்டன் அணியில ரஃபேல் டெவர்ஸ் பல வருஷம் மூணாவது பேஸ்ல நின்னவர். 2025ல புதுசா வந்த பிரெக்மனுக்கு அந்த இடம் போச்சு. டெவர்ஸ் துடுப்பெடுக்க மட்டும் இறங்கணும்னாங்க. கொஞ்ச நாள்ல, காயம்பட்டவருக்குப் பதிலா முதலாவது பேஸ்ல நிக்க முடியுமான்னு கேட்டாங்க. மனுஷன் முடியாதுன்னுட்டார். ஜூன்ல சான் பிரான்சிஸ்கோவுக்கு மாத்திட்டாங்க. அங்கே புதுசா வந்தவர் பொடியன் இல்ல, அவரும் அனுபவசாலிதான். ஆனா பாடம் ஒன்னுதான்: நகரச் சொல்றவனுக்கு, நகர்றவனை உக்கார வச்சுப் பேசுற கடமை இருக்கு. அதனால எங்க கேப்டன் அண்ணனை அவமானப்படுத்தித் தூக்குங்கன்னு நான் சொல்லவே இல்ல.

இடத்தை வயசு பார்த்துப் பங்கு போடாதீங்கன்னுதான் சொல்றேன். ஷோர்ட் லெக்கைப் பாருங்க. கிரிக்கெட்ல ஆக ஆபத்தான இடம், உலகம் முழுக்க அதைப் புதுசா வந்தவன் தலையிலதான் கட்டுறாங்க. ஆனா அது நிபுணனோட இடம். ஏக்நாத் சோல்கர் 27 டெஸ்ட்ல 53 பிடி எடுத்தது பெரும்பாலும் அந்த மாதிரி கிட்டத்து இடங்கள்லதான். 1998ல டாக்காவில ஹெல்மெட் இல்லாம அங்கே நின்ன ராமன் லம்பா, பந்து தலையில பட்டு இறந்தார், அத்தனை அனுபவம் இருந்தும். அந்த இடத்துக்கு ஒருத்தனை அனுப்ப "நீதான்டா சின்னவன்" என்பது எப்படிக் காரணமாகும்?

நம்ம மலைநாட்டுக்கு இது இன்னும் அவசரம். கொழும்புப் பெரிய பள்ளிக்கூடத்துப் பையனுக்கு பயிற்சியாளர், வலை, கிளப் எல்லாம் இருக்கு. இந்த டீம்ல இடம் இல்லைன்னா அடுத்ததுக்குப் போவான். தோட்டத்துப் பையனுக்கு இருக்கிறது சாதாரண தரத்துக்கும் வேலைக்கும் நடுவில ரெண்டு, மூணு சீசன். முரளியே கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில வேகப்பந்து போட்டுக்கிட்டிருந்தவர்தான். பதினாலு வயசுல அவர் கையைச் சரியாப் பார்த்து, சுழற்பந்து போடச் சொல்ல சுனில் பெர்னாண்டோன்னு ஒரு பயிற்சியாளர் இருந்தார். அந்த வயசுல பள்ளத்து பவுண்டரியில நிறுத்தி வச்சிருந்தா 800 விக்கெட் எங்கிருந்து வரும்?

எங்க தம்பி இப்போ புறக்கோட்டையில ஒரு கடையில நிக்கிறான். தீபாவளிக்கு வந்தப்போ கிரவுண்டுக்குக் கூப்பிட்டேன். "விடுங்கண்ணே, அங்க வந்து பந்து பொறுக்கவா?"ன்னு சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல.

இந்த சீசன்லயும் புதுசா ரெண்டு பேர் வந்திருக்காங்க. கேப்டன்மாருக்கு ஒரே ஒரு கோரிக்கை. பெரிய டோர்னமெண்ட் வேணாம், நட்பு மேட்ச் மூணு போதும். அந்த மூணுல அவங்களை அவங்களோட சொந்த இடத்தில விடுங்க. கிளவுஸ்காரனுக்கு கிளவுஸ், ஆரம்ப வீரனுக்கு முதல் பந்து. நீங்க ஸ்லிப்ல நின்னு பக்கத்தில இருந்து சொல்லிக் கொடுங்க, முழங்காலுக்கும் நல்லது. சரிவரலன்னா நாலாவது மேட்ச்ல கிளவுஸை நீங்களே போட்டுக்குங்க, யாரும் கேக்கமாட்டோம்.

பள்ளத்து பவுண்டரிக்கு ஆள் வேணுமே என்கிறீங்களா? நான் போறேன்.