விருந்தினராக வரும் வித்துவான்கள்

ராஜராஜ சோழன் தன் 21-ம் ஆட்சியாண்டில், நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய தேசத்து அரசன் எடுப்பித்த பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் கிராமத்தைத் தானமாக வழங்கினான். அத்தானத்தைக் கூறும் 21 செப்பேடுகளும் டச்சுக்காரர் வழியே கடல் கடந்து ஹாலந்து போயின. அங்கே லெய்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்தபடியால், சோழ நாட்டுச் சாசனம் ஒன்றுக்கு ‘லெய்டன் செப்பேடுகள்’ என்று பெயர் வழங்கலாயிற்று. இதை நினைத்து மனம் புழுங்குகிறவர்கள் நம்மில் பலர். புழுக்கம் நியாயமானதே. ஆனால் செப்பேடு போன ஊரிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய காரியம் ஒன்றும் இருக்கிறது.

1993-ம் வருஷத்தில் லெய்டனில் சர்வதேச ஆசிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஸ்தாபிக்கப்பட்டது. ஆசிய தேசங்களைப் பற்றி ஆராய்கிற அறிஞர்களைப் பல நாடுகளிலிருந்தும் அது வரவேற்கிறது. வருகிறவர் சில மாத காலம் அங்கேயே தங்கி, சர்வகலாசாலையின் புஸ்தகசாலையில் உட்கார்ந்து வேலை செய்கிறார். தாம் கண்டதைக் குறித்து ஒரு பிரசங்கம் செய்கிறார். கேட்க வந்தவர்கள் குறுக்குக் கேள்வி கேட்கிறார்கள். மாலையும் தோரணமும் இல்லாத காரியம். ஆயினும் ஒரு தேசத்தின் கல்வி வளர்வது பெரும்பாலும் இப்படித்தான்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. ஜப்பான் தேசத்து நொபொரு கராஷிமா 1961-ல் சென்னைச் சர்வகலாசாலைக்கு வந்தார். வருஷக் கணக்கில் இங்கே தங்கித் தமிழும் கல்வெட்டெழுத்தும் பயின்றார். காவிரியின் தென்கரையில், திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டு கிராமங்களின் சாசனங்களை அவர் வரி வரியாக ஒப்பிட்டார். பிரமதேயமான ஈசானமங்கலத்தில் நிலம் தனித்தனி மனிதர் கையில் இருந்தது. அல்லூரிலோ ஊரார் பொதுவில் இருந்தது. 1966-ல் வெளிவந்த இந்த ஆராய்ச்சி, பண்டைத் தமிழ்க் கிராமங்கள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை என்ற எண்ணத்தை அசைத்துவிட்டது. நிலம் யாருடையது என்ற கேள்வியிலேயே பிறந்து வளர்ந்த நம் டெல்டாவாசிகளுக்கு இதைவிட நெருங்கிய விஷயம் வேறென்ன? பின்னர் எ. சுப்பராயலு முதலியோருடன் சேர்ந்து, சோழர் சாசனங்களில் வரும் பெயர்களுக்கெல்லாம் ஓர் அட்டவணையை 1978-ல் மூன்று பாகங்களாக மதுரையில் வெளியிட்டார். சந்தடியில்லாமல் உட்கார ஓர் இடம் கிடைத்ததனால் விளைந்த பயன்கள் இவை.

நாமோ இடம் கொடுப்பதைவிடப் பந்தல் போடுவதில் அதிகப் பிரியம் உள்ளவர்கள். 1995 ஜனவரியில் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மகாநாடு கூடியது. அலங்காரத்துக்குக் குறைவில்லை. ஆனால் இலங்கையிலிருந்து வந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியும் வேறு சில ஈழத்து அறிஞர்களும் அதில் பங்குகொள்ள விடாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பண்டைத் தமிழர் நாடகத்தைப் பற்றி ஆராய்ந்து பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றவர் சிவத்தம்பி. 1991-ல் ஸ்ரீபெரும்பூதூரில் நடந்த படுகொலைக்குப் பின் சர்க்கார் எச்சரிக்கையாக இருந்ததை நாம் குறை கூறவில்லை. ஒருவர் மேல் சந்தேகம் உண்டானால் அதற்குரிய காரணத்தை அவரிடம் சொல்லி, பதில் கேட்டு, பிறகு தீர்மானிப்பது முறை. பிறந்த தீவையே குற்றப் பத்திரிகையாகக் கொண்டு ஒரு வித்துவானை வாசலோடு திருப்புவதை எந்த நியாய ஸ்தலமும் ஏற்காது. அதே சிவத்தம்பி 2010-ல் கோயம்புத்தூரில் நடந்த செம்மொழி மகாநாட்டில் கலந்துகொண்டார். இடையில் மாறியது அவரல்ல, சர்க்கார்.

அந்தக் கோயம்புத்தூர் மகாநாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவராக அப்போது இருந்தவர் மேற்சொன்ன கராஷிமாவே. ஆராய்ச்சி மகாநாட்டுக்கு ஆயத்தம் செய்யப் போதிய அவகாசம் வேண்டும் என்று அவர் கேட்டார். கேட்ட அவகாசம் கிடைக்கவில்லை, அவரும் இணங்கவில்லை. மன்றத்தை ஒதுக்கிவிட்டு வேறு பெயரில் மகாநாடு நடந்தேறியது. தேர்தல் காலண்டரைப் பார்த்து ஆராய்ச்சியைக் கூட்டினால் இப்படித்தான் முடியும்.

தஞ்சாவூரில் 1981-ல் ஏற்பட்ட தமிழ்ப் பல்கலைக் கழகத்துக்கு விசாலமான நிலம் இருக்கிறது. ஓலைச்சுவடித் துறை, கல்வெட்டுத் துறை எல்லாம் இருக்கின்றன. சரஸ்வதி மகாலும் அதே ஊரில் இருக்கிறது. வெளிநாட்டு அறிஞர் ஆராய்ச்சிக்காக வருவதற்குத் தனி விசா வேண்டும். அதை அளிக்கும் அதிகாரம் டில்லியிடம் உள்ளது. அழைக்கிற ஸ்தாபனம் துணிந்து ஜாமீன் நின்றால்தான் அந்தக் கதவு திறக்கும். அப்படி நிற்பது பல்கலைக் கழகத்தின் கடமை.

இனி நம் சுவாமிமலைக்கு வருவோம். இங்கே ஸ்தபதிகளின் பட்டறைகளைத் தேடி ஆராய்ச்சியாளர் வருவது நூதனமல்ல. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடிப்பதையும், தென்னோலை நறுக்கை மடித்து அங்க அளவு காண்பதையும், காவிரி வண்டலைப் பூசி உலர்த்தி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் வார்த்து, கடைசியில் மண் கருவை உடைத்தெறிவதையும் பார்த்துக் குறிப்பெடுத்துப் போகிறார்கள். ஒரு கருவில் ஒரே விக்கிரகம்தான். ஆகையால் ஸ்தபதியின் கைக்கும் கண்ணுக்கும் ஓய்வே இல்லை. எடுத்துப் போன குறிப்புகளோ இங்கிலீஷ் புஸ்தகங்களாகின்றன. சொல்லிக் கொடுத்தவர் அதை விலை கொடுத்து வாங்கவும் முடியாது, வாங்கினாலும் வாசிக்க முடியாது என்பது எவ்வளவு அநியாயம்! 2023-ல் டில்லியில் ஜி-20 மகாநாட்டு மண்டபத்தின் முன் நிறுவிய 27 அடி உயர நடராஜர் இவ்வூரில் வார்த்ததே. உலகத் தலைவர்கள் அதைப் பார்த்தார்கள். வார்த்த கைகளுக்கு உரியவர் எந்தச் சர்வகலாசாலையில் ஆறு மாதம் உட்கார்ந்து தம் வித்தையை எடுத்துரைத்தார்?

ஸ்தபதிக்குப் பட்டம் இல்லையே, அவரை எப்படி வருகை ஆராய்ச்சியாளராக நியமிப்பது என்று ஆட்சேபிப்பார்கள். நமக்கு அடுத்த உத்தமதானபுரத்து உ. வே. சாமிநாதையர் எந்தச் சர்வகலாசாலையில் பரீட்சை எழுதித் தேறினார்? 1880 முதல் 1903 வரை அவர் கும்பகோணம் கலாசாலையில் கற்பித்தார். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். உபகாரச் சம்பளம் இல்லாத வருகை ஆராய்ச்சியாளர் அவர். பாரீஸ் நகரத்துப் பேராசிரியர் ஜூலியன் வின்சோன் அவருக்குக் கடிதம் எழுதியது பட்டத்தைப் பார்த்தல்ல.

பணம் எங்கே என்ற கேள்விக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. ஒரு மகாநாட்டின் வளைவுகளுக்கும் ஊர்வலத்துக்கும் ஆகிற செலவை முதலாக வைத்தால், அதன் வட்டியிலேயே வருஷந்தோறும் நாலைந்து பேரைத் தங்க வைத்து உபசரிக்கலாம். மந்திரி சபை மாறினாலும் மாறாதபடி அந்த முதல் தனி நிதியாக இருக்க வேண்டும். வருகிறவரிடம் இரண்டே நிபந்தனை கேட்போம்: தஞ்சையிலோ கும்பகோணத்திலோ பொது ஜனங்கள் கேட்கத் தமிழில் ஒரு பிரசங்கம்; தமிழ் பேச வராதவருக்கு மொழிபெயர்ப்பாளர் துணை நிற்கட்டும். எழுதி முடித்த நூலின் தமிழ்ச் சுருக்கம் ஒன்று, ஆராய்ந்த ஊரின் புஸ்தகசாலைக்கு வந்து சேர வேண்டும். அல்லூருக்கு அல்லூரின் கதை கிடைக்கட்டும்.

இந்த ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்கள் வருகிற பட்ஜெட் விவாதத்தில் இதைக் கேட்க வேண்டும். முதல் அழைப்பு யாழ்ப்பாணத்துக்குப் போகட்டும். 1995-ல் வாங்கிய கடன் அங்கே நிற்கிறது. இரண்டாவது அழைப்பைக் கொண்டுவருகிற தபால்காரர் சுவாமிமலையில் எந்தப் பட்டறையைக் கேட்டாலும் ஜனங்கள் வழி காட்டுவார்கள்.