எழுந்து நின்ற சிறுமி

பாட்டு வெறும் பொழுதுபோக்குத்தானே என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு விடையாக, அமெரிக்க ஜாஸ் பாடகி நீனா சிமோனின் இளமைக்காலத்தை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1933-ல் வட கரோலினா மாநிலத்தின் ட்ரையன் என்னும் சிற்றூரில், எளிய கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இயற்பெயர் யூனிஸ் வேமன். தாயார் மெதடிஸ்ட் சபைப் போதகர். சிறு வயதிலேயே ஆலயத்தில் பியானோ வாசித்த அவருக்கு வெள்ளையர் இனத்து ஆசிரியை ஒருவர் பாக்கின் இசையைக் கற்பித்தார். மேற்படிப்புக்காக ஊராரே நிதியும் திரட்டினர்.

ஆனால் அதே ஊரில், ஏறத்தாழ பன்னிரண்டு வயதில் அவர் கச்சேரிக்கு அமர்ந்தபோது, முன்வரிசையில் இருந்த பெற்றோரை வெள்ளையருக்கு இடம்விட்டுப் பின்னே போகச் சொன்னார்கள். சிறுமி எழுந்து நின்றாள். பெற்றோர் முன்னே வராவிட்டால் வாசிக்க மாட்டேன் என்றாள். அவர்கள் முன்னே அமர்ந்த பிறகே இசை ஒலித்தது.

1951-ல் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. தம் நிறமே காரணம் என்று அவர் இறுதிவரை நம்பினார். பிழைப்புக்காக 1954-ல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மதுக்கூடத்தில் வாசிக்கச் சேர்ந்தார். பாடினால்தான் வேலை என்றார் உரிமையாளர். பாடகி பிறந்தது அப்படித்தான்! தாயார் அறியாதிருக்கவே 'நீனா சிமோன்' என்று பெயர் மாற்றிக்கொண்டார். 1959-க்குள் அவர் பாடல் நாடெங்கும் ஒலித்தது. ஜாஸ் பாட்டினூடே பாக்கின் இசைநுட்பமும் கேட்டது. கற்றது வீண்போகவில்லை. எனினும், "ஒரு கதவு மூடினால் மறு கதவு திறக்கும்" என்று சொல்லி, மூடிய கையை நாம் மன்னித்துவிடலாமா?

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. பர்மிங்காம் நகர ஆலயத்தில் நிறவெறியர் வைத்த குண்டு வெடித்து, நம் வயதொத்த நான்கு சிறுமியர் மாண்டனர். செய்தி கேட்ட ஆத்திரத்தில், வீட்டிலிருந்த பொருள்களைக் கொண்டு துப்பாக்கி செய்ய முயன்றதாக நீனாவே பின்னாளில் எழுதியிருக்கிறார். பிறகு பியானோவின் முன் அமர்ந்தார். ஒரு மணி நேரத்திற்குள் பாட்டொன்று பிறந்தது. 1964-ல் அது இசைத்தட்டாக வெளிவந்தபோது தென் மாநில வானொலி நிலையங்கள் சில ஒலிபரப்ப மறுத்தன.

அப்பாட்டின் தலைப்பில் தெய்வபயமுள்ளோர் நாவில் வரத்தகாத சொல் ஒன்று உண்டு. அதைப் பழகுங்கள் என்று நான் கூறவில்லை. ஆனால், ஆலயத்தில் குழந்தைகள் கொல்லப்படுவதைவிட அச்சொல் பெரிய தெய்வநிந்தனை ஆகுமா? அன்னையரும் பெற்றோரும் சிந்திக்க வேண்டுகிறேன்.

2003-ல் அவர் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னர், அதே கர்ட்டிஸ் கல்லூரி அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. ஐம்பது ஆண்டுக்கு மேல் தாமதித்து வந்த நியாயம்!

தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனை ஆண்டவர் கடிந்துகொண்டதை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். தாலந்தைப் பெருக்குவது பரிசு வாங்குவதற்கு மட்டுமன்று. குரல் உள்ளவள் குரலற்றோருக்காகப் பாட வேண்டும். எழுத வல்லவள் எழுத வேண்டும். தோழியரே, நம் ஆண்டு விழாவில் எத்தனையோ பேர் மேடையேறுகிறோம். அரங்கில் யாரேனும் பின்னே தள்ளப்பட்டால், அதைக் கண்டு எழுந்து நிற்கும் துணிவு நம்மிடம் உண்டா? அந்தத் துணிவு இல்லாத இசை, எவ்வளவு இனிமையாயினும், பாதி இசையே என்பது என் கருத்து.