‘லி’ சேர்த்தால் ‘ஆக’ வருமா?

சில வருடங்களுக்கு முன்னர் என்னிடம் ரியூசன் படித்த மாணவன் ஒருவன், உயர்தரப் பரீட்சை எழுதிய பின்னர் ஒரு தனியார் நிறுவனத்தில் எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். அதற்கு முன் எட்டு மாதம் ஒரு கடையில் கணக்கெழுதியவன். அந்த அனுபவத்தை விண்ணப்பக் கடிதத்தில் ஆங்கிலத்தில் குறிப்பிட்டிருந்தான். நேர்முகப் பரீட்சையில் இருந்தவர்களில் ஒருவர் அந்தக் கடிதத்தின் ஒரு வரியைச் சத்தமாக வாசித்தாராம். மற்றவர்கள் சிரித்தார்களாம். என்ன சிரிப்பென்று விளங்காமல் இவனும் சிரித்துவிட்டு, “யெஸ் சேர்” என்று சொல்லியிருக்கிறான். வேலை கிடைக்கவில்லை. கடிதத்தின் பிரதியோடு என்னிடம் வந்து, “ரீச்சர், எல்லாரும் சிரிச்சவை. இதில என்ன பிழை?” என்று கேட்டான்.

வரி இதுதான்: ‘ஐ ஹார்ட்லி வேர்க்ட் தெயார்.’ அவன் சொல்ல விரும்பியது, ‘அங்கே நான் கடுமையாக உழைத்தேன்’ என்பது. அவன் சொன்னது, ‘அங்கே நான் வேலை செய்ததே இல்லையென்று சொல்லலாம்’ என்பது. அந்த அதிகாரி, “அப்படியானால் உம்மை நாங்கள் ஏன் எடுக்கவேண்டும்?” என்றும் கேட்டிருக்கிறார். அதற்கும் சேர்த்துத்தான் அந்த “யெஸ் சேர்”.

(இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஒலியால் மயங்கும் சொற்களைப் பற்றிப் பேசுவதால் ஒலியைக் கேட்டுக்கொண்டு வாசிப்பதே நல்லது. வாசித்து முடித்ததும் அப்பியாசக் கொப்பியில் அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். இங்கே ‘ஹார்ட்’ என்பது இதயம் அல்ல, கடினம்.)

அவனுடைய பழைய கொப்பியை வாங்கிப் பார்த்தேன். நான் கரும்பலகையில் எழுதிக் கொடுத்த சூத்திரம் அதிலே கட்டம் போட்டு இருந்தது: பெயரடையோடு ‘லி’ சேர்த்தால் வினையடை, தமிழில் ‘ஆக’. அதன் கீழே ‘ஸ்லோ – ஸ்லோலி, குயிக் – குயிக்லி, கெயார்ஃபுல் – கெயார்ஃபுலி’. அந்த வரிசையின் அடியில் அவனாகவே ‘ஹார்ட் – ஹார்ட்லி – கடுமையாக’ என்று சேர்த்திருந்தான். அதற்கு நான் சிவப்புப் பேனையால் சரி போட்டிருந்தேன். பக்கத்தைப் புரட்டிப் புரட்டிச் சரி போடுகிற அவசரத்தில் நடந்தது. ஆனாலும் பிழை என்னுடையதுதான். ஆகவே இந்தக் கட்டுரையை ஒரு விளக்கமாக மட்டுமன்றி, நாங்கள் ரியூசன் வகுப்புகளில் இதனைக் கற்பிக்கும் முறை பற்றிய ஒரு முறைப்பாடாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சூத்திரம் முழுப் பொய் அல்ல. ‘ஸ்லோலி’ மெதுவாக, ‘கெயார்ஃபுலி’ கவனமாக. ஆயிரக்கணக்கான சொற்களுக்கு அது பொருந்தும். பொருந்தாதவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் அந்தச் சிலவற்றைத்தான் நாம் லீவுக் கடிதத்திலும் விண்ணப்பத்திலும் நாளாந்தப் பேச்சிலும் அடிக்கடி பாவிக்கிறோம். கடினம், பிந்துதல், கிட்ட, உயரம் இவையில்லாமல் யாரால் கடிதம் எழுத முடியும்?

‘ஹார்ட்’ என்பதில் தமிழ்மொழி மூல மாணவர்கள் ஏன் இப்படி விழுகிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். வெறும் கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. தமிழில் வினையடை எப்போதும் வினைக்கு முன்னே வரும்: ‘கடுமையாக உழைத்தேன்’. மாணவன் அதே ஒழுங்கில் ஆங்கிலத்தை அடுக்குகிறான். ஆங்கிலத்தில் ‘ஹார்ட்’ வினைக்குப் பின்னே வருவது: ‘ஐ வேர்க்ட் ஹார்ட்’. ‘ஹார்ட்லி’யோ வினைக்கு முன்னே வந்து அமர்வது. ஆகவே மாணவன் தமிழ் ஒழுங்கில் வைக்கும் இடம் ‘ஹார்ட்லி’க்கென்றே ஒதுக்கிய கதிரை போல அமைந்துவிடுகிறது. வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும், பொருள்தான் தலைகீழாகும். இலக்கணப் பிழையாக இருந்தால் வாசிப்பவர் ஊகித்துத் திருத்திக்கொள்வார். சரியான வாக்கியம் பிழையான பொருளைத் தந்தால் யார் ஊகிப்பது?

அடுத்தது, ‘கடினம்’ என்ற சொல் எப்படி ‘இல்லையென்றே சொல்லலாம்’ என்று ஆனது? பழைய ஆங்கிலத்தில் பெயரடையோடு ‘எ’ போன்ற ஓர் உயிரொலியைச் சேர்த்து வினையடை ஆக்கினார்கள். காலப்போக்கில் அந்தக் கடைசி ஒலி தேய்ந்து மறைந்தது. பெயரடையும் வினையடையும் ஒரே வடிவமாகின. ‘ஹார்ட்’, ‘ஃபாஸ்ட்’, ‘லேட்’ என்பன அப்படி எஞ்சியவை. இதனால்தான் ‘ஃபாஸ்ட்லி’ என்று இன்றைய ஆங்கிலத்தில் எழுதுவதில்லை. ‘லி’ சேர்ந்த வடிவம் வேறு வழியால் வந்து, வேறு வேலைக்குப் போய்விட்டது. ‘ஹார்ட்லி’ ஒருகாலத்தில் ‘சிரமத்துடன்’ என்ற பொருளிலும் வழங்கியதுதான். 1611 இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில், மாற்கு நற்செய்தியின் 10 ஆம் அதிகாரத்தில், செல்வந்தர் இறையரசில் நுழைவது பற்றிய இடத்தில் அந்தப் பொருளிலேயே அது வருகிறது. சிரமப்பட்டு நடப்பது எப்போதாவதுதான் நடக்கும். எப்போதாவது நடப்பது நடக்காததற்குச் சமம். பொருள் இப்படி நகர்ந்துவிட்டது.

இது ஆங்கிலேயரின் விசித்திரம் என்று சிரிக்கவேண்டாம். நம்முடைய ‘அரு’ என்ற அடியைப் பாருங்கள். ‘அரும்பாடுபட்டு உழைத்தான்’ என்கிறோம், அது ‘ஹார்ட்’. ‘அவன் உழைப்பது அரிது’ என்கிறோம், அது ‘ஹார்ட்லி’. அடி ஒன்று, பொருள் இரண்டு. கடினம் என்பதும் அபூர்வம் என்பதும் தமிழிலும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ‘அவர் வாய் திறப்பதே அரிது’ என்று அம்மம்மா சொன்னால் உங்களில் எவருக்காவது பொருள் மயங்குமா? அந்த இடத்தில் ‘ஹார்ட்லி’யை வையுங்கள். அவ்வளவுதான்.

பரீட்சைக்காக இன்னும் ஒன்று. ‘ஹார்ட்லி’ தன்னுள்ளேயே எதிர்மறையைக் கொண்டது. எனவே அதனோடு ‘நொட்’ சேர்க்கக்கூடாது. ‘ஐ கான்ட் ஹார்ட்லி’ பிழை, ‘ஐ கான் ஹார்ட்லி’ சரி. ‘ஹார்ட்லி நோ வோட்டர்’ பிழை, ‘ஹார்ட்லி எனி வோட்டர்’ சரி. வாக்கியத்தின் முடிவில் வரும் சிறு வினாவிலும் இதே கதைதான். ‘ஹீ ஹார்ட்லி ஸ்பீக்ஸ்’ என்பதன் பின் ‘டஸ் ஹீ?’ என்றே வரவேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே இங்கு ‘டஸன்ட் ஹீ?’ என்று எழுதிப் புள்ளியை இழக்கிறார்கள்.

‘லேட்’, ‘லேட்லி’ என்பவற்றுக்கு வருவோம். ‘பஸ் பிந்தி வந்தது’ என்பதற்கு ‘லேட்லி’ எழுதுவோர் ஏராளம். ‘லேட்லி’ என்றால் ‘அண்மைக் காலமாக’. இங்கேயும் தமிழ் கைகொடுக்கிறது. ‘பிந்தி’ என்றால் தாமதமாக. ஆனால் பத்திரிகையில் ‘பிந்திய செய்தி’ என்று போட்டால் அது தாமதமான செய்தியா? இல்லை, ஆகப் புதிய செய்தி. பின்னால் வருவது தாமதமாகவும் இருக்கலாம், புதிதாகவும் இருக்கலாம் என்பதை இரண்டு மொழிகளும் தனித்தனியே கண்டுபிடித்திருக்கின்றன. ‘லேட்லி’ பெரும்பாலும் ‘ஹாவ்’, ‘ஹாஸ்’ சேர்ந்த வினைகளோடு வரும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஹாவ் யூ சீன் ஹேர் லேட்லி?’ என்றால் ‘கிட்டடியில் அவளைக் கண்டீரா?’ என்பதாகும்.

‘நியர்’, ‘நியர்லி’ என்பவை எனக்கு மிகப் பிடித்த சோடி. ‘நியர்’ கிட்ட, ‘நியர்லி’ கிட்டத்தட்ட. வகுப்பில் இதைச் சொன்ன நாள் முதல் எந்தப் பிள்ளையும் அதில் பிழைவிட்டதாக ஞாபகமில்லை. ஆனால் ஓர் இடத்தில் தமிழை முழுதாக நம்பவும் கூடாது. நாம் 48 பேர் வந்தாலும் 52 பேர் வந்தாலும் ‘கிட்டத்தட்ட 50 பேர்’ என்போம். ஆங்கிலத்தில் ‘நியர்லி 50’ என்றால் 50 ஐ எட்டவில்லை என்றே பொருள். 52 ஐ அப்படிச் சொல்லமுடியாது. அதற்கு ‘அபவுட்’ அல்லது ‘ஓவர்’. வரைபு ஒன்றைப் பார்த்து விவரிக்கும் வினாவில் இந்தச் சிறு வேறுபாடு விடையின் உண்மையையே மாற்றிவிடும். அதேபோல ‘ஐ நியர்லி ஃபெல்’ என்றால் விழவில்லை, விழப்பார்த்தேன்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். பட்டம் ‘ஹை’ பறக்கிறது, அதிபர் உங்களைப் பற்றி ‘ஹைலி’ பேசுகிறார். உயரமாகவும் உயர்வாகவும் என்று தமிழும் இரண்டாகவே பிரிக்கிறது. ‘ஷோர்ட்லி’ என்றால் குட்டையாக அல்ல, சற்று நேரத்தில். பாடநூல் ‘ஃபிரீ’ ஆகக் கிடைக்கிறது, அதாவது இலவசமாக. கூட்டத்தில் ‘ஃபிரீலி’ பேசலாம், அதாவது தடையின்றி. 1945 முதல் நடைமுறைக்கு வந்த நம் நாட்டின் இலவசக் கல்வியைப் பற்றிக் கட்டுரை எழுதுவோர் இதில் கவனமாக இருக்கவேண்டும். ‘மோஸ்ட்லி’ பெரும்பாலும். ‘ஃபிரெண்ட்லி’ வினையடையே அல்ல, அது பெயரடை. ‘லி’ என்ற விகுதியே ‘உருவம்’ என்று பொருள்தரும் ஒரு பழைய சொல்லின் எச்சம். நண்பனின் உருவுடையது ‘ஃபிரெண்ட்லி’. வாலைப் பார்த்து விலங்கின் பெயரைச் சொல்வது எவ்வளவு நம்பத்தகாதது என்பதற்கு இந்தச் சொல் ஒன்றே போதும்.

இனி, என் முறைப்பாடு. இச்சொற்களை நாங்கள் இரண்டு நிரலில் எழுதிக் கொடுத்துப் பாடமாக்கச் சொல்கிறோம். சோடியாகப் படித்த சொற்கள் பரீட்சை மண்டபத்தில் சோடியாகவே ஞாபகத்துக்கு வரும். எது எதுவென்று மட்டும் வராது. ‘பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கும்போது நிரல்தான் கைகொடுக்கும், வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக் கொடுக்க நேரம் எங்கே?’ என்று என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நேரம் போதாது என்பது உண்மை. எனக்கும் ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள், இரண்டு மணித்தியாலம். ஆயினும் ஐந்தாறு சோடிகளுக்கு ஒரு பாடவேளை போதும். மீதியை நிரலில் கொடுத்தாலும் குற்றமில்லை.

‘ஆங்கிலம் படிக்கும்போது தமிழில் யோசிக்காதே’ என்ற அறிவுரையையும் நான் இப்போது சொல்வதில்லை. அந்த மாணவன் தமிழில் யோசித்ததால் விழவில்லை. தமிழை ‘ஆக’ என்ற ஒற்றை விகுதியாகக் குறுக்கிக்கொண்டதால் விழுந்தான். முழு வாக்கியத்தையும் தமிழில் சொல்லிப் பார்த்திருந்தால், அரும்பாடும் அரிதும் அவன் நாவிலேயே இருந்தன.

உயர்தரத்தில் பொது ஆங்கிலத்தின் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேராது என்று பலர் அந்தப் பாடத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். நேர்முகப் பரீட்சை மேசையில் இருப்பவர்கள் இசட் புள்ளியை மட்டும் பார்ப்பதில்லை. கடிதத்தையும் வாசிக்கிறார்கள், சிலவேளை சத்தமாக.

அந்த மாணவன் அன்று என் வீட்டு விறாந்தையில் இருந்தே கடிதத்தைத் திருத்தி எழுதினான். ‘ஐ வேர்க்ட் ஹார்ட்’ என்று எழுதிவிட்டு, “லி போடாமல் விட்டால் குறையாத் தெரியுது ரீச்சர்” என்றான்.

பின்வருவனவற்றை ஆங்கிலத்தில் எழுதுக. எழுதுமுன் ஒவ்வொன்றையும் வேறு தமிழ்ச் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

1. அப்பா தோட்டத்தில் அரும்பாடுபட்டு உழைக்கிறார்.
2. இந்தக் கிணற்றில் தண்ணீர் இல்லையென்றே சொல்லலாம்.
3. நேற்று நான் பாடசாலைக்குப் பிந்திப் போனேன்.
4. அண்மைக் காலமாக அவள் வகுப்புக்கு வருவதில்லை.
5. கூட்டத்துக்குக் கிட்டத்தட்ட 50 பேர் வந்தார்கள்.
6. தம்பி மரத்திலிருந்து விழப்பார்த்தான்.
7. தாத்தா இப்போது யாருடனும் பேசுவதே அரிது, இல்லையா?

ஐந்தாவதற்கு இரண்டு விடைகள் உண்டு. எத்தனை பேர் வந்தார்கள் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொண்டு எழுதுங்கள். ஏழாவதில் கடைசிச் சிறு வினாவைக் கவனிக்க.