கரை சேரும் இடம்

பட்டுப்புடவை எடுக்கப் போகிறவர்கள் முந்தியை விரிக்கச் சொல்வார்கள், ஜரிகையைத் தடவிப் பார்ப்பார்கள். உடலும் கரையும் சேருகிற இடத்தை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. வேலையே அங்கேதான் இருக்கிறது!

ஒரே நாடா குறுக்கே ஓடினால் உடலின் ஊடை நூல் கரைக்குள்ளும் போகும். பச்சை உடல், அரக்குக் கரை என்றால் அரக்கு மங்கிவிடும். காஞ்சிபுரத்துக் கோர்வையில் இந்தக் கலப்பு இல்லை. மூன்று நாடா: உடலுக்கு ஒன்று, கரைகளுக்குத் தனித்தனியே இரண்டு. உடல் நூலும் கரை நூலும் எல்லையில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். இழுப்பு கூடினால் துணி சுருங்கும், குறைந்தால் நூல் தொங்கும். நெசவாளர் ஒருவரால் இரண்டு ஓரத்தையும் கவனிப்பது கஷ்டம், அதனால் பக்கத்தில் இன்னொரு ஆள்.

சிக்கலே அந்த இன்னொரு ஆள்தான். பெரும்பாலும் வீட்டு ஆள்; சில வீடுகளில் பிள்ளைகள். கூலியோ புடவைக்குத்தான், தலைக்கு அல்ல. பிள்ளை படிக்கட்டும் என்று ஒரு குடும்பம் கோர்வையைக் கைவிட்டால் அதில் என்ன தப்பு? 'கலை அழிகிறது' என்று புலம்புவதை விட்டுவிட்டு, கோர்வைக்கென்று ஒரு தொகையை பில்லில் தனியாகப் போடட்டும், அது அந்த இரண்டாவது கைக்குப் போகட்டும். கட்டுப்படியாகாது என்பார்கள். ஜரிகைக்கு மட்டும் கட்டுப்படியாகிறதாக்கும்?