சின்ன காருக்கு எதுக்கு சார் பிரீமியம் பெட்ரோல்?

சென்னையில் அன்றாடம் நடக்கும் கூத்து இது. பழைய ஆல்டோ ஒன்று பங்க்கில் வந்து நிற்கும். "பிரீமியம் போடட்டுமா சார்? வண்டி நல்லா இழுக்கும், மைலேஜும் கிடைக்கும்" என்பார் பெட்ரோல் போடும் தம்பி. வேண்டாம் என்றால் கஞ்சன் என்று நினைத்துவிடுவாரோ என்று கார்க்காரருக்கு ஒரு கூச்சம். தலையை ஆட்டிவிடுவார். அந்தத் தலையாட்டலுக்கு லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் தண்டம்!

ஆக்டேன் எண் கூடினால் சக்தி கூடும் என்பதுதான் இந்த வியாபாரத்தின் மூலதனம். அது சுத்தப் பொய். எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் அழுத்தப்படும்போது, ஸ்பார்க் பிளக் மூட்டிய நெருப்பு வந்து சேரும் முன்பே ஒரு மூலையில் கலவை தானாக வெடித்தால் அதற்குப் பெயர் நாக்கிங். அப்படி வெடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்வதே ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0. பெட்ரோல் 91 என்றால், அவை 91க்கு 9 என்ற அளவில் கலந்த கலவை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

சந்தேகமாக இருந்தால் எத்தனாலைப் பாருங்கள். அதன் ஆக்டேன் 108. ஆனால் ஒரு லிட்டரில் இருக்கும் சக்தியோ பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான்! ஆக்டேனும் சக்தியும் ஒன்றென்றால் இது எப்படி?

91 போதும் என்று வடிவமைத்த எஞ்சினில் 95ஐ ஊற்றுவது, பத்தடி கிணற்றுக்கு ஐம்பதடி கயிறு வாங்குவது போல. கயிறு நீளம் என்பதற்காகத் தண்ணீர் இனிக்கப் போவதில்லை. அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2016இல் இதைச் சோதித்துப் பார்த்தது. சாதா பெட்ரோலுக்காகச் செய்த கார்களில் பிரீமியம் போட்டதால் இழுவையிலோ மைலேஜிலோ சொல்லிக்கொள்ளும்படி எந்த லாபமும் இல்லை. தேவையே இல்லாமல் பிரீமியம் போட்டு அமெரிக்கர்கள் ஓராண்டில் தொலைத்த பணம் 210 கோடி டாலர் என்றும் அது கணக்குச் சொன்னது. அங்கே பங்க்கில் 87 என்று எழுதியிருக்கும் சாதா பெட்ரோல், நம் ஊர் அளவுமுறையில் ஏறக்குறைய 91தான்.

நம் கணக்கையும் போடுவோம். சாதா 100 ரூபாய், பிரீமியம் 108 என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்ட காசு திரும்பவே மைலேஜ் 8 சதவீதம் ஏற வேண்டும். 18 கொடுக்கும் வண்டி 19.4 கொடுக்க வேண்டும். கொடுக்குமா? மாதம் 60 லிட்டர் போடுகிறவருக்கு வருடத்துக்கு 5,760 ரூபாய் நஷ்டம். அந்தக் காசில் ஒழுங்காகச் சர்வீஸ் செய்தால் வண்டி நிஜமாகவே இழுக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 20 சதவீத எத்தனால் கலந்ததால் சாதா பெட்ரோலின் ஆக்டேனே 95 ஆகிவிட்டது என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் தந்தது. அப்படியானால் 95 என்று எழுதிய பிரீமியத்துக்கு எதற்குக் கூடுதல் காசு?

"எஞ்சினைச் சுத்தம் செய்யும் மருந்து கலந்திருக்கிறதே" என்பார்கள். கலந்திருக்கலாம். அழுக்குப் படிவதை அது கொஞ்சம் குறைக்கவும் செய்யலாம். அதற்காக ஒவ்வொரு லிட்டருக்கும் கப்பம் கட்ட வேண்டுமா? வண்டி டக் டக் என்று அடித்தால் முதலில் பிளக்கையும் கார்பன் படிவையும் மெக்கானிக்கிடம் காட்டுவதே முறை.

எல்லோருக்கும் பிரீமியம் வீண் என்பதல்ல வாதம். டர்போ எஞ்சினும், அழுத்த விகிதம் அதிகமுள்ள எஞ்சினும் உயர்ந்த ஆக்டேனைக் கேட்கலாம். தயாரித்தவர்கள் கேட்டால் தாராளமாகப் போடுங்கள். அதைச் சொல்ல வேண்டியது காரோடு வந்த புத்தகமும் பெட்ரோல் மூடியின் உட்புறமும்தான். குழாயைப் பிடித்து நிற்பவர் அல்ல. அந்தத் தம்பியைக் கோபித்தும் பயனில்லை, விற்கச் சொன்னதை விற்கிறார்.

அடுத்த முறை கேட்டால் கூச்சப்படாமல் சத்தமாகச் சொல்லுங்கள்: "சாதா போதும்!"